வால்வை மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை உள்ள தோல் கம்பெனிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வரவேற்பறைச் சுவரில், சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14001-இன் சான்றிதழ் மாட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். வெளிநாட்டில் தோல் வாங்குபவர்கள் அதைக் கேட்கிறார்கள். சான்றிதழுக்குப் பின்னால் தடிமனான ஃபைல் ஒன்று இருக்கும். அதில் 'பொறுப்புகளும் அதிகாரங்களும்' என்று ஓர் அட்டவணை. இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் பதவி. கழிவுநீர் என்றால் ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர், கசடு என்றால் ஸ்டோர்ஸ், மின்சாரம் என்றால் மெயின்டனன்ஸ். தணிக்கை அன்று யாராவது அதைப் புரட்டிப் பார்த்து டிக் போடுவார்கள்.

சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்பு என்று சொல்லப்படும் ஏற்பாடு முழுவதும் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு பக்கத்தில்தான் என்பது என் கருத்து. அட்டவணையில் பொறுப்பு ஒருவர் பெயரிலும், அதை நிறைவேற்றத் தேவையான அதிகாரம் வேறொருவர் கையிலும் இருந்தால் மற்ற பக்கங்கள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பலன் கிடையாது. பாலாற்றங்கரையில் கடந்த முப்பது நாற்பது வருடங்களில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும்.

முதலில் தரநிலை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஐ.எஸ்.ஓ. 14001-இன் 2015 பதிப்பில் 5.3 என்ற பிரிவு இதற்கானது. மிகச் சின்னப் பிரிவு. சூழலோடு தொடர்புடைய ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் உயர் நிர்வாகம் ஒப்படைக்க வேண்டும், அதை நிறுவனத்துக்குள் தெரியப்படுத்தவும் வேண்டும். அமைப்பு தரநிலைப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அதன் செயல்பாட்டை மேலிடத்துக்கு அறிக்கையாகச் சொல்ல ஓர் ஆள் (இருவரும் ஒருவராகவும் இருக்கலாம்) வேண்டும். அவ்வளவுதான். 2004 பதிப்பில் 'மேலாண்மைப் பிரதிநிதி' என்று ஒருவரை நியமித்தே ஆக வேண்டும் என்று இருந்தது. 2015-இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். அமைப்பு பலன் தருகிறதா என்பதற்கு உயர் நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும் என்று 5.1 பிரிவில் எழுதினார்கள். என் பார்வையில் இது நல்ல மாற்றம். அந்தப் பிரதிநிதி பதவி பல இடங்களில் 'சுற்றுச்சூழலா? அவரைக் கேளுங்கள்' என்று மற்ற எல்லோரும் கைகழுவ ஒரு வசதியாகிப் போயிருந்தது.

பொறுப்பு, அதிகாரம், தெரியப்படுத்துவது. இந்த மூன்றில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் இடங்கள்தான் அதிகம்.

இரவு இரண்டு மணி

ஒரு நடுத்தரத் தோல் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர், பெரிய டிரம்களில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் யார்டுக்கு மட்டும் ஓடுகிறது. ஈ.டி.பி.யில் காற்றூட்டும் புளோயர் நின்றுவிட்டது. கழிவுநீர் வந்து சேரும் தொட்டி நிரம்பிக்கொண்டே வருகிறது. அந்தப் பக்கம் ஒரு லாட் தோல் சுண்ணாம்பில் ஊறி முடிந்து, டிரம்மிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடத் தயாராகிறார்கள்.

ஆபரேட்டர் ஓடிப் போய்ச் சொல்கிறார். "அண்ணே, தொட்டி வழியப் போவுது, இப்போ தண்ணி விடாதீங்க." டிரம் மேஸ்திரி கேட்கிறார்: "லாட் கெட்டுப் போனா யாருப்பா பதில் சொல்றது? மேனேஜர் சாரைக் கேளு." மேனேஜர் போனை எடுக்கவில்லை. தண்ணீர் திறக்கப்படுகிறது. தொட்டி வழிந்து மழைநீர்க் கால்வாயில் இறங்குகிறது. கால்வாய் ஓடைக்கும், ஓடை பாலாற்றுக்கும் போகிறது. காலையில் விசாரணை நடந்தால் ஃபைலில் யார் பெயர் இருக்கும்? 'கழிவுநீர் மேலாண்மை: ஈ.டி.பி. ஆபரேட்டர்.'

மேஸ்திரி கேட்டது நியாயமான கேள்விதான். சுண்ணாம்பில் அளவுக்கு மேல் கிடந்தால் தோல் கெடும், இழப்பு லட்சக்கணக்கில் போகும். அந்த இழப்பை ஏற்கும் முடிவை எடுக்கக்கூடியவர் முதலாளி ஒருவர்தான். இரவு இரண்டு மணிக்கு அவரைத் தேட முடியாது. ஆகவே முன்கூட்டியே அவர் எழுத்தில் சொல்லி வைத்திருக்க வேண்டும்: தொட்டி இந்த மட்டத்தைத் தொட்டால் டிரம்மிலிருந்து தண்ணீர் விடுவதை நிறுத்தும்படி ஆபரேட்டர் சொல்லலாம், மேஸ்திரி கேட்டே ஆக வேண்டும், லாட் போனால் அது கம்பெனி கணக்கு. அதிகாரம் கொடுப்பது என்றால் நடைமுறையில் இதுதான் அர்த்தம். ஒரு செலவுக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் சம்மதம். அந்தச் சம்மதம் இல்லாமல் ஆபரேட்டர் பெயரை அட்டவணையில் எழுதுவது, நாளை பழி போட ஓர் ஆளைத் தயாராக வைத்துக்கொள்வதுதான். அதை மேலாண்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே இரவில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது ஆற்றை எட்டும் முன்பே ஆளை எடுத்துவிடும். முடி நீக்கப் பயன்படுத்தும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். அதற்குப் பிறகு தோலை ஊறவைக்கும் பிக்கிள் தண்ணீரிலும், பதனிடும் குரோம் தண்ணீரிலும் அமிலம் இருக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் அப்படியே கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாசனை போயிடுச்சு, இறங்கலாம்' என்று தொட்டிக்குள் இறங்குபவர் அங்கேயே விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். வடஆற்காட்டுத் தோல் கம்பெனிகளில் தொட்டி சுத்தம் செய்யும்போது நடந்த மரணச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த வரிசைதான்.

இங்கே யாருக்கு என்ன பொறுப்பு என்று பெயர் பெயராக எழுத முடியும், எழுதியே ஆக வேண்டும். குரோம் தண்ணீரைத் தனி வழியில் பிரித்து, குரோம் மீட்கும் தொட்டிக்கு அனுப்பும் வால்வை யார் திருப்புவது? வேறு யாரும் தொடாதபடி பூட்டிச் சாவியை யார் வைத்திருப்பது? தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் வாயு மீட்டரில் அளந்து எழுத்தில் அனுமதி கொடுப்பது யார்? இடுப்புப் பெல்ட்டும் கயிறும் இல்லையென்றால் 'இன்றைக்கு வேலை இல்லை' என்று சொல்லக்கூடியவர் யார்? மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் கீழே இறங்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறதா? 'பாதுகாப்பு: அனைவரின் பொறுப்பு' என்று போர்டு எழுதி மாட்டுவது இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் ஆகாது. எல்லோருக்கும் பொறுப்பு என்று எழுதிய இடத்தில் யாருக்கும் பொறுப்பு இருக்காது.

நீதிமன்றம் கேட்ட அதே கேள்வி

ஐ.எஸ்.ஓ. 14001 முதன்முதலில் வெளியானது 1996-இல். அதே வருடம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வந்த ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததற்காகச் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அது முழுக்க முழுக்க ஒரு பொறுப்புப் பட்டியல். மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைக்க வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர். சேதத்தைக் கணக்கிட்டு இழப்பீட்டை நிர்ணயிப்பது ஆணையத்தின் வேலை. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றிடமும் 10,000 ரூபாய் அபராதம் வசூலிப்பது கலெக்டர் வேலை. இழப்பீடு கட்ட மறுத்தால் ஆலையை மூடி, நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்க வேண்டும். குறித்த தேதிக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்காத ஆலைகளை மூட வேண்டியவர்கள் கலெக்டரும் போலீஸ் எஸ்.பி.யும். தொடர்ந்து கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று தனி பசுமை அமர்வு. யார், எதை, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. 'சம்பந்தப்பட்டவர்கள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற மங்கலான வாசகத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தீர்ப்புக்கு இவ்வளவு பலம் இருந்திருக்காது. கம்பெனிகள் தங்கள் அட்டவணையை எழுதும்போது பின்பற்ற இதைவிட நல்ல முன்மாதிரி நம்மூரில் இல்லை.

அப்படி எழுதியும் பிரச்சினை தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இழப்பீடு விடுபட்டவர்கள் இருந்தார்கள், ஆற்றில் கழிவு இறங்குவதும் நிற்கவில்லை. மழைக்காலத்தில் வாணியம்பாடி மாராப்பட்டு பக்கம் பாலாற்றில் நுரை பொங்கும் படத்தைப் பத்திரிகையில் பார்க்காதவர்கள் இந்த மாவட்டங்களில் குறைவு. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொன்னது: பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். சேதம் சரிசெய்யப்படும் வரை மாசு செய்தவரின் பொறுப்பு முடியாது. இந்தக் கடைசி வரி கம்பெனிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அபராதம் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று இனிமேல் யாரும் நினைக்க முடியாது.

குழாய் எங்கே முடிகிறது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் பொது சுத்திகரிப்பு நிலையங்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் ஊர்களில் இவை இருக்கின்றன. சிறு கம்பெனிகள் தனித்தனியாகப் பெரிய ஆலை கட்ட முடியாது என்பதால் சேர்ந்து கட்டியவை. உறுப்பினர் கம்பெனி முதல்கட்டச் சுத்திகரிப்பைத் தன் வளாகத்திலேயே செய்து, குழாயில் அனுப்ப வேண்டும். பொது நிலையம் மீதியைச் செய்து, தலைகீழ் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) மூலம் நல்ல தண்ணீரைத் திருப்பிக் கொடுத்து, உப்பைக் காய்ச்சிப் பிரிக்க வேண்டும்.

இதில் பொறுப்பு எங்கே கை மாறுகிறது? கம்பெனியின் அவுட்லெட் மீட்டரிலா, பொது நிலையத்தின் வாசலிலா? நடுவில் குழாய் உடைந்தால் யாருடையது? ஓர் உறுப்பினர் குரோமைப் பிரிக்காமல் அனுப்பினால் பொது நிலைய மேனேஜர் அவருடைய வால்வை மூடலாமா? அந்த உறுப்பினர் பொது நிலையத்தின் பங்குதாரர், சில சமயம் இயக்குநர். தனக்குச் சம்பளம் கொடுப்பவரின் வால்வை ஒரு மேனேஜர் தைரியமாக மூடுவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. போர்டு கூட்டத்தில் முன்பே தீர்மானம் போட்டு, 'இந்த அளவு மீறினால் மேனேஜர் மூடுவார், எந்த இயக்குநரும் தடுக்க முடியாது' என்று பதிவு செய்தால்தான் அவரால் முடியும்.

2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேக்கிய தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் கம்பெனிக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். யார் குற்றவாளி என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. மேலாண்மைக் கண்ணோடு பார்க்கும்போது மனதை உறுத்தும் கேள்விகள் வேறு. கசடு தேங்கும் தொட்டியில் மட்டம் ஏறும்போது அதைத் தினமும் குறிக்க வேண்டியவர் யார்? 'இதற்கு மேல் ஏற்றக் கூடாது, எல்லாக் கம்பெனியும் நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டியவர் யார்? சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தூங்குகிறார்கள் என்பது தொட்டியைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரிய வேண்டும் என்று எந்த அட்டவணையிலாவது எழுதியிருக்கிறதா? நம் வேலியோடு நம் பொறுப்பு முடிகிறது என்று நினைத்து எழுதும் அட்டவணைகளில் பக்கத்து வீட்டுக்காரர் இருப்பதே இல்லை. தரநிலையின் 8.2 பிரிவு அவசரநிலைக்குத் தயாராக இருக்கச் சொல்வது வேலிக்கு அப்பால் உள்ளவர்களையும் சேர்த்துத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தெரியப்படுத்துவது என்ற மூன்றாவது விஷயம் இங்கே வந்து சேர்கிறது. டிரம் யார்டில் பீகார், வங்காளத்து ஆட்கள். ஆம்பூர், பேர்ணாம்பட்டில் உருது வீட்டு மொழியாக உள்ளவர்கள். ஈ.டி.பி.யில் பக்கத்து கிராமத்துத் தமிழ் ஆட்கள். ஃபைல் ஆங்கிலத்தில். எழுதியவர் சென்னையிலிருந்து வந்த ஆலோசகர். அந்த ஃபைலில் உள்ள எதுவும் யாருக்கும் தெரியப்படுத்தப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். வால்வுக்குப் பக்கத்தில் நிறம் அடித்து, படம் போட்டு, தமிழிலும் இந்தியிலும் உருதுவிலும் இரண்டு வரி எழுதினால் ஒரு வருடப் பயிற்சி வகுப்புக்குச் சமம்.

பக்ரீத் முடிந்த வாரம்

அட்டவணையில் பதவி இருக்கும், ஆள் லீவில் இருப்பார். நம் பக்கத்தில் இதற்கு ஒரு குறிப்பிட்ட காலமே உண்டு. பக்ரீத் முடிந்ததும் உப்புத் தடவிய பச்சைத் தோல் லோடு லோடாக வந்து இறங்கும். ஊறவைத்துக் கழுவும் தண்ணீரில் உப்பு ஏகமாக ஏறும். வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஊறல் தண்ணீரோ பல்லாயிரத்தில் இருக்கும். வருடத்தில் ஆலைக்கு மிகவும் சிரமமான அந்த நாட்களில்தான் பண்டிகைக்குப் போனவர்கள் முழுதாகத் திரும்பியிருக்க மாட்டார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரமும் இதே கதைதான். ஒவ்வொரு பொறுப்புக்கும் மாற்று ஆளின் பெயர் எழுதப்பட வேண்டும், அந்த மாற்று ஆள் ஒரு முறையாவது அந்த வேலையைத் தன் கையால் செய்திருக்க வேண்டும். தோலைத் தொட்டியில் போடும் முன் உதறி உப்பை எடுக்கும் வேலை கான்ட்ராக்ட் ஆட்களுடையது என்றால், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கம்பெனி ஆள் யார் என்பதும் எழுதப்பட வேண்டும். வேலையைக் கான்ட்ராக்ட் விடலாம், பொறுப்பைக் கான்ட்ராக்ட் விட முடியாது.

காகித வேலைகளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அபாயக் கழிவின் ஆண்டு அறிக்கை ஜூன் 30-க்குள், சுற்றுச்சூழல் அறிக்கையான படிவம் 5 செப்டம்பர் 30-க்குள், அபாயக் கழிவை வளாகத்தில் வைத்திருக்கும் காலம் பொதுவாக 90 நாள். ஒருவர் பெயரையும் தேதியையும் காலண்டரில் எழுதி மாட்டினால் போதும். என்ன ஒன்று, படிவத்தில் போடும் எண்கள் லாக் புக்கிலிருந்து வந்தவைதானா என்று கையெழுத்துப் போடுபவர் பார்க்க வேண்டும்.

கையெழுத்து என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, கம்பெனி தவறு செய்தால் அந்த நேரத்தில் கம்பெனியின் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்தவரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால் அவர் தப்பலாம். நிரூபிக்கும் சுமை அவருடையது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தின் 16-ஆம் பிரிவும், 2023-இல் சட்டம் திருத்தப்படும் முன், இதே வழியில்தான் எழுதப்பட்டிருந்தது. 'அதையெல்லாம் ஆபரேட்டர் பார்த்துக்கொள்கிறார்' என்று சொல்லும் முதலாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆபரேட்டருக்கு அதிகாரமும் ஜெனரேட்டரும் கெமிக்கல் வாங்கப் பணமும் கொடுத்திருந்தால்தான், வேண்டிய முயற்சி செய்தேன் என்ற வாதம் நிற்கும். கீழே உள்ளவருக்கு அதிகாரம் கொடுப்பது மேலே உள்ளவருக்கும் பாதுகாப்பு.

தோல் கம்பெனிகளை விட்டு வெளியே வந்தாலும் கதை இதுதான். வேலூர் மருத்துவமனைகளுக்குப் பெயர்போன ஊர். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி கழிவு உண்டாகும் இடத்திலேயே மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும், பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஊசியைத் தப்பான பையில் போட்டவர் வார்டில் இருப்பார், அது குத்துவது பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளரை. ஆகவே 'கழிவு: துப்புரவுப் பிரிவு' என்று எழுதும் மருத்துவமனை பொறுப்பைத் தப்பான தளத்தில் வைத்துவிட்டது. அது ஊசி போட்டவரிடமும் வார்டு சிஸ்டரிடமும் இருக்க வேண்டும். கலந்த பையை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் துப்புரவுப் பணியாளருக்கு வேண்டும்.

சரி, ஒரு கம்பெனி இதைப் புதிதாகச் செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது? அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டாம். ஆலையைச் சுற்றி நடந்து, எங்கெங்கே ஒரு மனிதக் கை தவறினால் கெடுதல் வெளியே போகும் என்று பாருங்கள். வால்வு, தொட்டி மட்டம், கெமிக்கல் கொட்டும் இடம், கசடு ஏற்றும் லாரி, மழைநீர்க் கால்வாயின் வாய். பெரும்பாலான ஆலைகளில் பத்துப் பதினைந்து இடங்களுக்கு மேல் வராது. ஒவ்வொன்றிலும் அங்கே வேலை செய்பவரையே கேளுங்கள்: இங்கே என்ன கெட்டுப் போகும், கெட்டால் நீங்கள் என்ன செய்ய முடியும், செய்ய முடியாமல் யார் அல்லது எது தடுக்கிறது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முதலாளி கையெழுத்துப் போட்டுத் தீர்க்க வேண்டியது. சில சமயம் அது ஓர் அதிகாரம், சில சமயம் ஒரு மீட்டர், பல சமயம் இன்னோர் ஆள். அதன் பிறகு அட்டவணையை எழுதலாம்.

எழுதிய பின் உள்தணிக்கையைப் பகல் பதினொரு மணிக்கு ஆபீஸில் வைக்காமல் இரவு ஷிப்டில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னும் நல்லது. ஃபைலைக் கேட்க வேண்டாம். ஈ.டி.பி.யில் இருக்கும் ஆளிடம், "தம்பி, இப்போ இந்தத் தொட்டி நிரம்பினால் யாரை நிறுத்தச் சொல்வீங்க, அவர் கேட்பாரா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை அப்படியே அறிக்கையில் எழுதி, அடுத்த மேலாண்மை மீளாய்வுக் கூட்டத்தில் முதலாளி முன் வையுங்கள்.